உலோகத்தில் ஒரு பிளாஸ்டர்: செய்வதும் பழசாக்குவதும்

ஆரையம்பதியில் இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு இது பதில். நண்பர்கள் சேர்ந்து விண்வெளிக் குறும்படம் ஒன்று எடுக்கிறார்கள். கதாநாயகி ஒரு பழைய சரக்குக் கப்பலை ஓட்டுபவள், இடுப்பில் ஒரு பிளாஸ்டர், அதாவது விண்வெளிப் படங்களில் வரும் ஒளி பாய்ச்சும் கற்பனைத் துப்பாக்கி, தொங்குகிறது. 3டி பிரிண்டரில் ஒன்றைச் செய்து பார்த்தார்களாம், கமராவில் பொம்மை மாதிரித் தெரிகிறதாம். உலோகத்தில் எப்படிச் செய்வது, இருபது வருடம் பாவித்த சாமான் போல அதை எப்படிப் பழசாக்குவது, பார்க்கிறவர்கள் உண்மையென்றே நம்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் லேத் வேலை செய்கிறவன். வயல் மெஷின், தண்ணீர்ப் பம்பு, படகு எஞ்சின் இவைதான் அன்றாட வேலை. பாடசாலை நாடகத்துக்கும் குறும்படங்களுக்கும் சாமான் செய்வது மனதுக்குப் பிடித்த வேலை. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது பொம்மை மாதிரித் தெரிவதற்குப் பிளாஸ்டிக் மட்டும் காரணம் இல்லை. சுற்றிவரவுள்ள எல்லா மூலைகளிலும் ஒரே அளவில் வெள்ளிப் பெயின்ட் தடவியிருக்கிறீர்கள். அடிப்பக்கமும் மேல்பக்கமும் ஒரே மாதிரித் தேய்ந்திருக்கின்றன. அலுமினியம் போலத் தெரிகிற இடத்தில் செம்மஞ்சள் துரு இருக்கிறது. எந்தக் கீறலுக்கும் ஒரு காரணம் இல்லை. உலோகத்தில் செய்து இதே மாதிரிப் பழசாக்கினாலும் அது பொம்மையாகத்தான் இருக்கும். தேய்மானம் என்பது கை போன வழி. எந்தக் கை, எந்த உறை, எந்தக் காற்று என்று முதலில் முடிவெடுத்தால் மற்ற வேலை தானாக வரும்.

அதற்கு முன் ஒரு விஷயம். இதைப் படிக்காமல் லேத்தில் கை வைக்க வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாடகத்துக்காக உண்மையான நீளத் துப்பாக்கி மாதிரியே ஒன்றை மரத்திலும் குழாயிலும் செய்தேன். கறுப்பு அடித்து, காயட்டும் என்று பட்டறை வாசலில் சாய்த்து வைத்திருந்தேன். மண்வெட்டிக்குப் பூண் போட வந்த ஒரு அம்மா அதைக் கண்டதும் படலையிலேயே நின்றுவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. மண்வெட்டியை மதிலோரம் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அடுத்த நாள் அவருடைய மகன்தான் வந்து எடுத்துப் போனார். அந்தத் துப்பாக்கியை நான் அன்றைக்கே அறுத்துப் போட்டேன், நாடகக்காரருக்கு வேறு உருவத்தில் ஒன்று செய்து கொடுத்தேன். யுத்தத்தையும் பார்த்து, 2019 ஏப்ரல் 21 மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்துக் குண்டுவெடிப்பையும் பார்த்த பகுதி இது. தூரத்தில் கறுப்பாக அந்த உருவம் தெரிந்தால் இங்குள்ளவர்களுக்கு அது சினிமாச் சாமான் அல்ல.

ஆகவே "உண்மையான துப்பாக்கி மாதிரி" என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, "உண்மையான கருவி மாதிரி" என்று மாற்றிக்கொள்ளுங்கள். நிழலாகப் பார்த்தாலும் எந்த நாட்டுத் துப்பாக்கியையும் ஞாபகப்படுத்தாத உருவமாக வரையுங்கள். முன்பக்கக் குழாயைத் துளைக்கவே வேண்டாம். முழுக் கம்பியாக இருக்கட்டும், நுனியில் 15 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் குடைந்து கண்ணாடி வில்லை ஒன்றைப் பதியுங்கள். தோட்டா அறை, விசைப்பொறி என்று உள்ளே ஓடுகிற எதுவும் வேண்டாம், அது திடமான ஒரு சிற்பம், அவ்வளவுதான். படப்பிடிப்பு நடக்கும் பகுதிக்குரிய பொலிஸ் நிலையத்துக்கு முன்கூட்டியே போய், சாமானின் படம், படப்பிடிப்பு நாள், இடம் எல்லாம் எழுதிய கடிதத்தைக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்திருங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். கொண்டுபோகும்போது இரண்டு துண்டாகக் கழற்றி, மூடிய பெட்டிக்குள். மோட்டார் சைக்கிளில் உரப்பையால் சுற்றிக் கொண்டுபோவது கூடாது. சந்தியில் நின்று செல்பி எடுப்பதும் கூடாது.

இன்னொன்று. பழைய இரும்புக் கடையிலோ காணியிலோ யுத்தகாலத்துச் சாமான் எதையாவது கண்டால், வெற்றுக் கோதாகத் தெரிந்தாலும், தொடவேண்டாம். அழகான பித்தளையாக இருக்கிறதே என்று எடுக்கவே வேண்டாம். பொலிசுக்கு அறிவியுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

பழைய படங்களின் பிளாஸ்டர்கள் ஏன் மனதில் நிற்கின்றன என்று தெரிந்துகொள்வது உதவும். 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு லண்டனில் சாமான் தேடியவர்களிடம் பணம் குறைவு. ரோஜர் கிறிஸ்டியன் என்ற அரங்கப் பொருட்கலைஞர் பழைய ஆயுதங்களையும் கமராச் சாமான்களையும் ஒன்றோடொன்று பொருத்தினார். அந்தப் படத்தில் வரும் ஹான் சோலோவின் பிளாஸ்டர் ஜெர்மன் மவுசர் சி96 என்ற பழைய கைத்துப்பாக்கியின் மேல் ஒரு வேட்டைத் தொலைநோக்கியை ஏற்றியது. வெள்ளைக் கவசப் படையினரின் கையில் இருந்தது பிரித்தானிய ஸ்டெர்லிங் சப்மெஷின் துப்பாக்கி. ஒளிவாளின் கைபிடியோ கிராஃப்ளெக்ஸ் கமராவின் பிளாஷ் குழாய். 1982இல் வந்த பிளேட் ரன்னரிலும் அதே வழிதான்: ஒரு ஆஸ்திரிய வேட்டைத் துப்பாக்கியின் மேற்பாகமும் ஒரு அமெரிக்க ரிவால்வரின் அடிப்பாகமும் சேர்ந்து ஒன்றானது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது துப்பாக்கியை அல்ல. அந்தப் பொருட்கள் ஒவ்வொன்றும் ஏற்கனவே ஏதோ ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டவை. திருகுக்கு ஒரு காரணம், பள்ளத்துக்கு ஒரு காரணம் இருந்தது. வரைந்து உருவாக்கிய சாமானில் அந்தக் காரணம் வருவது மிகக் கடினம். அவர்கள் லண்டனில் கமராக் கடைக்குப் போனார்கள். நீங்கள் மட்டக்களப்பில் எங்கே போகவேண்டும்?

பழைய மருந்து தெளிக்கும் மெஷினின் பித்தளைக் குழாய், அதன் நுனி, அதில் உள்ள கைத்திருகு. இதைவிட நல்ல பிளாஸ்டர் முனை எங்கும் கிடைக்காது. ஆனால் கிருமிநாசினி அதில் வருடக்கணக்காக ஓடியிருக்கும். கையுறை போட்டு, சவர்க்காரத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை நன்றாகக் கழுவிய பிறகுதான் மேசையில் வையுங்கள், கழுவிய தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். பெற்றோமக்ஸ் விளக்கின் காற்றுப் பம்பும் அதன் பித்தளைத் தலையும் இன்னொரு புதையல். தையல் மெஷினில் நூல் இறுக்கும் சில்லு, சைக்கிள் டைனமோவின் உடல், மோட்டார் சைக்கிள் காபரேட்டரின் மூடி, லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெஷின்) இன்ஜெக்டரின் உருக்குக் குழாய், பழுதான கமரா லென்ஸின் வரிவரியான வளையம் என்று தேடிக்கொண்டே போகலாம். கல்முனையிலும் மட்டக்களப்பு நகரிலும் பழைய இரும்பு எடுக்கும் இடங்களில் ஒரு பகல் முழுக்கச் சுற்றுங்கள். வாங்குவதற்கு முன் கையில் பிடித்து, "இது என்ன வேலை செய்யும்?" என்று கதைக்குள் கேளுங்கள். குளிர்விக்கிற பாகமா, சக்தி சேமிக்கிற பாகமா, குறி பார்க்கிற பாகமா? பதில் இல்லாத சாமானை விட்டுவிடுங்கள். எட்டு நல்ல பாகம் போதும். இருபது பாகம் ஒட்டிய பிளாஸ்டர் தேர் மாதிரி ஆகிவிடும்.

பாகங்கள் வந்ததும் மட்டையில் வெட்டி ஒட்டி ஒரு மாதிரி செய்து, நடிக்கும் தங்கச்சியின் கையில் கொடுங்கள். இதைப் பலர் தவறவிடுகிறார்கள். அவருடைய விரல் நீளம், மணிக்கட்டின் பலம், இடது கையா வலது கையா என்பதில்தான் கைபிடியின் அளவு இருக்கிறது.

நிறையும் அப்போதே கணக்கில் வரவேண்டும். 38 மில்லிமீட்டர் விட்டத்தில் 200 மில்லிமீட்டர் நீளமான முழுக் கம்பி அலுமினியத்தில் சுமார் 600 கிராம், இரும்பில் கிட்டத்தட்ட 1.8 கிலோ. அதே அளவில் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியக் குழாய் 180 கிராமுக்குள் முடிந்துவிடும். மொத்தச் சாமான் ஒரு கிலோவை ஒட்டி நின்றால் நல்லது. பழைய மவுசரே ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான். அதைவிடக் கூடினால் பத்தாவது டேக்கில் கை நடுங்கும், குறைந்தால் கை அதைப் பஞ்சு மாதிரித் தூக்கும், பார்க்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். உடல் அலுமினியம், சிறு பாகங்கள் பித்தளை, திருகுகளும் ஒன்றிரண்டு துண்டுகளும் உருக்கு. இதுதான் என் வழக்கமான கலவை.

உலோகம்தான் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வடமோடிக் கூத்தில் வாள் மரத்தில் செய்து வெள்ளித்தாள் ஒட்டியது. கூத்தாடும் களரியைச் சுற்றி இருக்கிறவருக்கு இரவில், விளக்கு வெளிச்சத்தில், ஆட்டத்தின் வேகத்தில் அது வாளாகவே தெரியும். அங்கே அது சரி, கனமான வாளோடு அந்த ஆட்டம் ஆடவும் முடியாது. கமராவோ முப்பது சென்டிமீட்டர் கிட்டே வரும். கிட்டே காட்டும் காட்சிக்கு உலோகம் வேண்டும். ஓடி விழும் காட்சிக்கு அதே உருவத்தை மரத்திலோ பிவிசி குழாயிலோ இன்னொன்று செய்யுங்கள். ஒரு கிலோ அலுமினியம் பக்கத்து நடிகரின் பல்லை உடைக்கும்.

லேத் வேலையில் நீங்கள் லேத்காரரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. குளிர்விக்கும் வளையங்கள் வேண்டும் என்றால் 2 மில்லிமீட்டர் பள்ளம், 2 மில்லிமீட்டர் மேடு, 6 மில்லிமீட்டர் ஆழம் என்ற அளவு கண்ணுக்கு அழகாக விழும். எல்லாவற்றையும் ஒரே ஆழத்தில் வெட்டாமல் நுனிக்குப் போகப் போகக் கொஞ்சம் ஆழம் குறைத்தால் வார்த்த கருவி போல இருக்கும். அலுமினியம் வெட்டும் டூலின் நுனியில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் மேற்பரப்பு கிழிந்து சொரசொரப்பாகும். தூரிகையால் மண்ணெண்ணெய் தொட்டுக்கொண்டே வெட்டினால் வழுவழுப்பாக வரும். பள்ளம் வெட்டும்போது வேகத்தைக் குறைத்து, மறுமுனையில் சென்டர் என்ற கூர்முனையைக் கொடுத்துத் தாங்கவேண்டும்.

மூலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உண்மையான மெஷின் பாகத்தில் எந்த மூலையும் கத்தி மாதிரி இருக்காது, உருண்டையாகவும் இருக்காது. 45 பாகையில் அரை மில்லிமீட்டர் அளவில் மழுக்கியிருப்பார்கள். பிரிண்டரில் வந்த சாமான் பொம்மையாகத் தெரிவதற்கு இது பெரிய காரணம். லேத்தில் இருக்கும்போதே அரத்தைச் சாய்த்துப் பிடித்து எல்லா விளிம்பையும் இப்படி உடைத்துவிடுங்கள். ஒளி அந்த அரை மில்லிமீட்டரில் ஒரு கோடாக ஓடும்.

பாகங்களை ஒட்டுவதற்கு எபொக்சிப் பசையை மட்டும் நம்பவேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் வானுக்குள் வைத்த சாமானின் பசை இளகி, படப்பிடிப்பு இடத்தில் மூன்று துண்டாக வந்திறங்கியதை நான் அனுபவித்திருக்கிறேன். எம்4 (4 மில்லிமீட்டர்) திருகாணிக்கு 3.3 மில்லிமீட்டர் துளை, எம்3 திருகாணிக்கு 2.5 துளை, பிறகு டாப் போட்டுப் புரி வெட்டுங்கள். அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள். எங்கள் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. இரண்டு உலோகம் ஒன்றையொன்று தொட்டு நடுவில் உப்பீரமும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரிக்கப்பட்டு, ஆணி பிறகு கழலவே கழலாது.

கைபிடிக்குத் தேக்கு நல்லது. தளபாடம் செய்யும் தச்சரிடம் துண்டு கிடைக்கும். முதிரை இன்னும் அழகு, ஆனால் கல் மாதிரி, கையால் செதுக்க உங்களுக்குப் பொறுமை வேண்டும். லின்சீட் எண்ணெய் பூசினால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு, பிறகு எறியுங்கள்.

நுனியில் குடைந்த இடத்தில், வில்லைக்குப் பின்னால், ஒரு சிவப்பு எல்ஈடி போதும், அதன் வயரை வெளிப்பக்கத்தால் கொண்டுபோகலாம். 9 வோல்ட் பெட்டரியோடு 390 ஓம் தடையைத் தொடராகப் போடுங்கள். சுடும் வெளிச்சத்தை எடிட்டிங்கில் சேர்ப்பீர்கள்தானே, எல்ஈடி எந்த பிரேமில் எரிகிறது என்பது அதற்கு வழிகாட்டும்.

இனிப் பூச்சு. அலுமினியத்தின் மேல் சாதாரண எனாமல் நிற்காது, நகத்தால் சுரண்டினாலே தோலாக உரியும். தின்னரால் எண்ணெய் போகத் துடைத்து, 240 நம்பர் சேண்ட்பேப்பரால் எல்லா இடமும் மங்கலாக்கி, உலோகத்தைப் பற்றிப்பிடிக்கும் அடிப்பூச்சான எட்ச் பிரைமர் மெல்லிதாக ஒரு கோட் அடிக்க வேண்டும். வாகனத்துக்குப் பெயின்ட் அடிக்கிற டிங்கரிங் கடைகளில் அது இருக்கும். துப்பாக்கிக்கு நீலம் ஏற்றும் திரவம் என்று இணையத்தில் பார்த்துவிட்டு அலுமினியத்தில் தடவாதீர்கள், அது உருக்குக்கானது. உருக்கு ஆணிகளைக் கறுப்பாக்க, குறட்டில் பிடித்துச் சூடாக்கி எண்ணெயில் தோய்க்கும் கொல்லர் முறையே போதும். வெளியில் செய்யுங்கள், எண்ணெய்ப் பாத்திரத்துக்கு மூடி பக்கத்தில் இருக்கட்டும். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயைச் சூடாக்கவோ ஒட்டவோ கூடாது. அந்த வெள்ளைப் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும். பித்தளையைப் பழசாக்க அதன் வார்னிஷை எடுத்துவிட்டு, அமோனியாவில் தோய்த்த பஞ்சை அடியில் வைத்த போத்தலுக்குள் தொங்கவிட்டு மூடி, ஒரு இரவு வையுங்கள். காலையில் அரை நூற்றாண்டு கடந்திருக்கும். போத்தலைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள்.

பெயின்ட் அடிக்கும் நாளைத் தெரிவதுதான் எங்கள் ஊரில் பாதி வேலை. வெளிநாட்டு வீடியோவில் இதைச் சொல்லமாட்டார்கள். வாடைக்காற்றும் மழையுமான மாதங்களில் லாக்கர் அடித்தால், தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். கறுப்பு அடித்தது பால் ஊற்றினது மாதிரி வெளுத்துப் போகும். அப்படி வந்தால் பயப்பட வேண்டாம், வெயில் நாளில் மெதுவாகக் காயும் தின்னரை மட்டும் லேசாகத் தூவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் இதற்கு நேர் எதிரான தொல்லை. பெயின்ட் துளி சாமானில் விழ முன்பே காற்றில் காய்ந்து, மேற்பரப்பு மணல் ஒட்டினது போலாகும், கூடவே புழுதியும். கச்சானில் விடியற்காலையிலும், மழைக்காலத்தில் முற்பகல் பத்து மணிக்குப் பிறகும் அடியுங்கள்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்ட இடத்துக்கு வருகிறோம். பழசாக்கல்.

தூரிகையைத் தொட முன் இரண்டு நாள் ஊரைப் பாருங்கள். லேண்ட்மாஸ்டரின் கைபிடிக் கம்பியைப் பாருங்கள். கை பிடிக்கிற இடம் கண்ணாடியாக மின்னும், அதற்கு இரண்டு விரல் தள்ளி, கை படாத இடத்தில், எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருக்கும். பளபளப்பும் அழுக்கும் பக்கத்துப் பக்கத்தில். கல்லடிக் கடற்கரையில் படகு எஞ்சின் மூடியைப் பாருங்கள். வெயில் படும் மேல்பக்கம் வெளுத்திருக்கும், பக்கவாட்டில் நிறம் அப்படியே இருக்கும், கயிறு உரசும் இடத்தில் மட்டும் நீளக் கோடுகள், அவை எல்லாம் ஒரே திசையில் ஓடும். பழைய சைக்கிளின் பிரேக் பிடியில் நான்கு விரலின் அடையாளமும் தனித்தனியாக இருக்கும். இவற்றை போனில் படம் பிடித்து வையுங்கள். எங்களுக்கு இதைவிடப் பெரிய பாடப் புத்தகம் கிடையாது.

பிறகு அந்தக் கப்பல் ஓட்டுபவளின் கதையை ஒரு தாளில் எழுதுங்கள். அவள் வலது கைக்காரி, உறை இடுப்பின் வலது பக்கம். அப்படியென்றால் சாமானின் இடது பக்கம் உடலோடு உரசும், வலது பக்கம் கதவு நிலையிலும் இருக்கை விளிம்பிலும் மோதும். ஆகவே இடது பக்கம் மென்மையாகத் தேயவேண்டும், வலது பக்கம் அடிபட்டிருக்க வேண்டும். நுனி உறைக்குள் போய்வருவதால் சுற்றிவரத் தேயும். ஒருமுறை அவள் இதற்குத் திரும்பப் பெயின்ட் அடித்திருக்கிறாள் என்று வையுங்கள். முதல் நிறம் பச்சை, மேல் நிறம் கறுப்பு. இந்த ஒரு முடிவு உங்கள் பிளாஸ்டரை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்துக் காட்டும்.

வேலையை அந்தக் கதையின் வரிசையிலேயே செய்யுங்கள். முதலில் வெறும் உலோகத்தில் சில பழைய அடிகள், சாவிக்கொத்தாலும் உளி முனையாலும். பிரைமர். பச்சை. இரண்டு நாள் காயவிடுங்கள். மூலைகளில் தண்ணீர் தடவி, கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக, கூட்டம் கூட்டமாக ஒட்டவையுங்கள். தண்ணீர் காய்ந்ததும் மேலே கறுப்பு. அது காய்ந்த பிறகு விரலால் உப்பைத் தட்டிவிட்டால் கறுப்பு பொரிந்து உதிர்ந்த இடங்களில் பச்சை தெரியும். மிச்ச உப்பை நல்ல தண்ணீரில் கட்டாயம் கழுவுங்கள். உப்பு சமமாகத் தூவப்பட்டால் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும், அதனால் அடிபடும் இடங்களில் மட்டும். பிறகு மெல்லிய ஸ்டீல் வூலை விரலில் சுற்றி, கை பிடிக்கிற இடங்களில் தேய்த்தால் கறுப்பு, பச்சை, பிரைமர், உலோகம் என்று படிப்படியாகத் திறக்கும். கடைசியில் வருவது வெள்ளிப் பெயின்ட் அல்ல, உண்மையான அலுமினியம். உலோகத்தில் செய்ததன் பலன் இங்கேதான் கைக்கு வருகிறது. புதிய அடிகள் இரண்டு மூன்றை இப்போது போடுங்கள், அவை மட்டும் பளிச்சென்று இருக்கட்டும்.

உறைத் தேய்மானத்தைக் கையால் செய்யாதீர்கள். தோல் உறை தைத்ததும் அதற்குள் ஒரு சிட்டிகை செங்கல் தூளைப் போட்டு, அந்தத் தங்கச்சியிடமே கொடுத்து, இருநூறு தடவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எங்கே தேய வேண்டுமோ அங்கேயே தேயும். அவருக்கும் அது பழக்கமாகிவிடும், பார்க்காமலே உறைக்குள் வைப்பார். நடிப்பில் பாதி அதுதான்.

ஆணித்தலைகளைச் சுற்றிப் பாருங்கள். பலமுறை கழற்றிப் பூட்டிய மெஷினில் திருகாணிச் சாவி வழுக்கிய சின்னக் கீறல்கள் தலையிலிருந்து வெளிப்பக்கமாக ஓடும். கூரான ஆணியால் இரண்டு ஆணித்தலைகளுக்கு மட்டும் இதைப் போடுங்கள். ஒரு ஆணியை வேறு வகைத் தலையுள்ளதாக மாற்றிவிடுங்கள், ஏனென்றால் ஒன்று எப்போதும் தொலைந்திருக்கும்.

அழுக்குக்கு ஓவியர்களின் எண்ணெய் நிறத்தில் கறுப்பும் பேர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் சேர்த்து டர்பன்டைனில் தண்ணீராகக் கரைத்துப் பூசி, பத்து நிமிடம் விட்டு, துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். பள்ளத்திலும் ஆணிகளைச் சுற்றியும் மிஞ்சும். அடியில் எனாமல் என்றால் டர்பன்டைன் அதைக் கரைத்துவிடும். லாக்கராக இருந்து நன்றாகக் காய்ந்திருந்தால் பயமில்லை. புழுதிக்குப் படம் எடுக்கும் இடத்து மண்ணே சிறந்தது. படுவான்கரை வயலில் எடுத்தால் அந்த மண், காயவைத்து, இடித்து, சேலைத் துணியில் சலித்து. கடற்கரை மணல் இதற்கு உதவாது, அது ஒட்டாமல் உருண்டுவிடும். பளபளக்காத நிறமற்ற பூச்சான மங்கல் கிளியரைத் தூவி ஈரமாக இருக்கும்போதே தூரிகையால் மண்ணைத் தட்டுங்கள். கறுப்புப் பகுதிகளின் விளிம்பில் 6பி பென்சில் தூளை விரலால் தேய்த்தால் இரும்பின் கனம் வரும், கையில் கறுப்பு ஒட்டாமல் இருக்க மேலே மெழுகு.

நுனியில் வெப்பத்தின் நிறம் வேண்டும் என்றால் பலர் வரிசையைத் தலைகீழாகப் போடுகிறார்கள். உருக்கைச் சூடாக்கிப் பார்த்தவருக்குத் தெரியும்: நெருப்புக்கு மிக அருகில் நீலம், அதற்கு வெளியே ஊதா, பிறகு செம்பழுப்பு, கடைசியில் வைக்கோல் மஞ்சள். உண்மையான ஸ்டெயின்லெஸ் வளையம் ஒன்றைக் கடைந்து, டார்ச்சால் சூடாக்கி அந்த நிறங்களை எடுப்பதே நல்லது. வேறு பாகங்களோடு பொருத்த முன் செய்யுங்கள்.

துருவைப் பற்றி: அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது. வெள்ளைத் தூள் பூக்கும். பித்தளை பழுப்பாகிப் பிறகு பச்சை பூக்கும். சிவப்புத் துரு உருக்கு ஆணிகளுக்கும் உருக்குத் துண்டுக்கும் மட்டும். அதை நீங்கள் செய்யத் தேவையில்லை, உப்புத் தண்ணீர் தொட்டு இரண்டு நாள் வெளியில் வைத்தால் கடற்காற்று செய்துவிடும். அதை நிறுத்துவதுதான் கடினம். நல்ல தண்ணீரில் கழுவி, அப்பச்சோடாக் கரைசலில் ஒருமுறை தோய்த்து, மீண்டும் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து மெழுகு பூசாவிட்டால், கிளியரின் அடியிலேயே துரு வளர்ந்து பூச்சைத் தூக்கிவிடும்.

ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி, படம் எடுக்கப்போகும் அதே கமராவில், அதே மாதிரி வெளிச்சத்தில் பாருங்கள். மேசை விளக்கில் அளவாகத் தெரிகிற அழுக்கு, களப்போரத்து மாலை வெயிலில் சேறாகத் தெரியும். பச்சை தெரியும் இடங்கள் பின்னணி வயலோடு கலந்துபோனால் நிறத்தை மாற்றவும் அப்போதுதான் நேரம் இருக்கும். உங்களிடம் மூன்று வாரம் இருக்கிறது என்றீர்கள். ஒரு வாரம் தேடவும் வரையவும், ஒரு வாரம் கடைச்சலுக்கு, கடைசி வாரம் முழுக்கப் பூச்சுக்கும் பழசாக்கவும் வையுங்கள். பெயின்ட் காயும் நாட்களைக் குறைக்க முடியாது.

படப்பிடிப்பு முடிந்ததும் பெட்டரியைக் கழற்றி, உப்புக்காற்றுப் பட்ட இடங்களை ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, பூட்டிய பெட்டியில் வையுங்கள். என் பட்டறையில் மருந்து தெளிக்கும் மெஷின் பித்தளைகள் ஒரு பெட்டி நிறையக் கழுவி வைத்திருக்கிறேன். மட்டை மாதிரியையும் அந்தத் தங்கச்சியின் கை அளவையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பொருந்துவதைப் பார்த்து எடுக்கலாம்.